மீட்டர் காற்றுப் பார்த்த எட்டு வாரம்

பிறந்த அன்றே, தன்னை எடைபோட்ட தராசின் முள்ளை முறைத்துப் பார்த்த பிள்ளை என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. நான் அதை நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. ஏனென்றால் இந்த ஐம்பத்து மூன்று வயது வரை அவர் வேறு எதையும் உருப்படியாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. குடிநீர் வாரியத்தில், வீடு வீடாகப் போய் மீட்டரில் எண் குறிக்கிற வேலை. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வேலை அவருக்கு உள்ளேயே குடிபுகுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் தேய்ந்து மறைந்து, தெருவுக்கே மீட்டர் என்று ஆனார். பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

மற்ற ஊழியர்கள் மூடியைத் திறப்பார்கள், எண்ணைக் குறிப்பார்கள், நடையைக் கட்டுவார்கள். இவர் குறித்துவிட்டு மறுபடி குனிவார். பென்சிலால் கண்ணாடியை இரண்டு தட்டு. பிறகு, மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, வீட்டுக்காரர்களைக் குழாயைத் திறக்கச் சொல்வார். திறந்தால் எண் கூடும். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவார். அது சரிதானா என்று பார்க்க மறுபடி குழாய். ஒரு வீட்டில் இப்படியே வாசல் வரை வெள்ளம் வந்து, அந்த வீட்டு நாய் நீந்திப் போய் எதிர் வீட்டில் குடியேறிவிட்டது என்பார்கள். வெள்ளத்துக்கு நான் சாட்சியில்லை. நாய் எதிர் வீட்டில் இருப்பது உண்மை.

வீட்டுக்குள்ளும் அதே லட்சணம்தான். ஃபிரிட்ஜ் குளிர்கிறதா என்று கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டிக்கொண்டு கால்மணி நேரம் நிற்பார். அடுப்பில் எதை வைத்தாலும் வெந்ததா வெந்ததா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில், அந்த வீட்டில் எதுவும் ஒரே நாளில் வெந்ததாகத் தெரியவில்லை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, மத்தியானம் அவன் தூங்குகிறானா என்று கன்னத்தைத் தட்டிப் பார்த்த தகப்பன் இவர். தட்டிவிட்டு, "இவன் தூங்கவே மாட்டேங்கறான்" என்று மனைவியிடம் புகார் வேறு. அந்தப் பிள்ளை படிப்பு முடிந்ததும், எவ்வளவு தூரத்தில் வேலை கிடைக்குமோ அவ்வளவு தூரத்தில் தேடிக்கொண்டு போனான். இப்போது அங்கே நிம்மதியாகத் தூங்குகிறான் என்று கேள்வி.

மனைவி அரசு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவள். நோயாளிகள் ஊசியம்மா என்பார்கள். வலிக்காமல் குத்துவாள், அதைவிடப் பெரிய விஷயம், குத்தும்போது பேசமாட்டாள். நரம்பு கிடைக்காத கை என்று மற்றவர்கள் கைவிட்டவர்களைக்கூட அவளிடம்தான் அனுப்புவார்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு சைக்கிளில் போய்வந்து கொண்டிருந்தவளை, நாற்பத்து நாலாவது வயதில், எக்ஸ்ரே பிரிவுத் தோழி ஒருத்தி ஊருக்கு வெளியே இருந்த மலைப்பாதைக்குக் கூட்டிப்போனாள். மேலே தள்ளிக்கொண்டு ஏறி, கீழே ஓட்டிக்கொண்டு இறங்கும் பைத்தியக்காரத்தனம். ஊசியம்மா இறங்கி வந்தபோது முகமெல்லாம் புழுதி, புழுதிக்கு நடுவே பல். அந்த மாதமே தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாள், ஷிப்டுக்கும் அதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த மலையில் இறக்க ஓட்டம் நடக்கும். பாதி வழியில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் பாதையில் பாறைகள் வரிசையாக முளைத்துக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவர்கள் அந்த இடத்துக்குக் கடைவாய் என்று பெயர் வைத்திருந்தார்கள், ஆளை மெல்லுவதால். போன வருஷம் கடைவாய் ஊசியம்மாவை மென்றது. பின் ஷாக் கழுதை போல உதைத்தது, அவள் காலை ஊன்றினாள், கால் வழுக்கியது, இடது மணிக்கட்டு விரிசல் விட்டது. மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். இரண்டு மாதம் ஊசியைத் தொடக்கூடாது என்று, ஆய்வக ஜன்னலில் உட்கார்ந்து ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்ட வைத்தார்கள். சீட்டு ஒட்டிய இரண்டு மாதமும் அவள் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்: அடுத்த வருஷம் காலை ஊன்றாமல் கடைவாயைத் தாண்டிவிட வேண்டும். முதல் இடம் வேண்டாம், மெடல் வேண்டாம். கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான்.

பின் ஷாக் என்பது சைக்கிளின் நடுவே, உட்காரும் ஆளுக்கும் பின்சக்கரத்துக்கும் மத்தியில் இருக்கிற சமாதானக்காரன். சக்கரம் கல்லில் ஏறினால் அது அமுங்கி வாங்கிக்கொள்ளும். ஆளைத் தூக்கி எறியாது. அவளுடைய சைக்கிளில் இருந்தது துருப்பிடித்த கம்பிச் சுருள். ஓட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போது, கடையில் கொடுத்துக் காற்று ஷாக் மாற்றிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, மீட்டர் களத்தில் குதித்தார்.

"கடைக்காரனுக்கு என்ன தெரியும்? நான் வீட்டுலயே போட்டுத் தரேன்."

இதைச் சொன்ன மனிதர் சமதரையைத் தவிர வேறெதிலும் சைக்கிள் ஓட்டியதில்லை. வேகத்தடை வந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கம் ஏறுவார்.

ஹாலில் பழைய போர்வையை விரித்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பழைய ஷாக்கின் நீளத்தை ஆறு தடவை அளந்தார்; ஆறு தடவையும் ஒரே அளவு வந்ததில் அவருக்குச் சந்தேகம் வந்து ஏழாவது தடவை அளந்தார். புது ஷாக் பார்சலில் வந்தது. அதன் இரண்டு முனை வளையத்திலும் புஷ் என்கிற சின்னக் குழலை ஏற்ற வேண்டும். நீளமான போல்ட்டையும் இரண்டு சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால் அரைமணி நேர வேலை. இவருக்கு மூன்று ஞாயிறு. ஏற்றுவார், நேராகப் போயிருக்கிறதா என்று பார்க்கக் கழற்றுவார். அந்த மூன்று வாரமும் ஊசியம்மா ஷிப்டுக்கு பஸ்ஸில் போனாள். பயிற்சி இல்லை, மலை இல்லை. சாயங்காலத்தில் ஒரு காலில் நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

ஷாக் ஒருவழியாக உட்கார்ந்தது. அடுத்தது காற்று. ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்தால் ஷாக்கின் தண்டு அதன் நீளத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே அமுங்க வேண்டும். தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். காற்று அதிகமானால் அமுங்காது, குறைந்தால் அடியில் இடிக்கும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். இங்கே ஓட்டுகிறவள் ஊசியம்மா. ஆனால் அவள் ஷிப்டில் இருந்தாள். மீட்டருக்குப் பொறுமை இல்லை. அவளுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பி முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, எண்பத்தெட்டு கிலோ உடம்பை ஏற்றி வைத்தார். காற்றழுத்தம் இருநூற்றுப் பத்து ஆனபோது வளையம் சரியான இடத்தில் நின்றது.

அவள் வந்து ஏறினாள். ஐம்பத்தாறு கிலோ. வளையம் வேண்டா வெறுப்பாகக் கொஞ்சம் நகர்ந்தது. இது கல்லு மாதிரி இருக்கிறதே என்றாள். சரியாக உட்காரத் தெரியவில்லை என்றார் மீட்டர். அவள் வாழ்க்கையில் உட்கார்ந்ததெல்லாம் தவறு என்பது போல ஒரு பார்வையும் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் காற்றைச் சரிபார்த்தார். ஷாக்குக்கு என்றே ஒரு கைப்பம்பு. ஒரு முனையில் வட்ட அளவுமானி, மறுமுனையில் நீளமான மெல்லிய டியூப். டியூப்பை ஷாக்கின் வாயில் திருகினார். முள் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் நின்றது.

பதினைந்து குறைந்திருக்கிறது, ஒரே ராத்திரியில். மறுபடி இருநூற்றுப் பத்து அடித்தார், டியூப்பைக் கழற்றினார். அது புஸ்ஸென்று சீறியது. அடுத்த நாள் காலை நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த நாளும் அதே. சுவரில் வரைபடத் தாள் ஒட்டினார், சிவப்பு மையால் புள்ளி வைத்தார். சோப்புத் தண்ணீர் தடவினார்; குமிழி வரவில்லை. ஷாக்கைக் கழற்றி பாத்ரூம் வாளியில் முக்கிப் பிடித்துக்கொண்டு அரைநாள் குந்தினார்; குமிழி வரவில்லை. நாம் பார்க்கும்போது மட்டும் ஒழுகாத கசிவு இது, கள்ளக் கசிவு என்று முடிவு கட்டினார். சீல் எல்லாவற்றையும் மாற்றினார். பழைய சீல்கள் பாவம், ஒரு கீறல் இல்லாமல், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே குப்பைக்குப் போயின.

தினமும் எழும் அந்தப் புஸ் சத்தத்தைக் கேட்டு, அடுத்த வீட்டுக்காரர்கள் பாம்பு என்று நினைத்துப் பிடிக்கிறவரைக் கூட்டிவந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வந்தவர் கதவிடுக்கில் மீட்டரைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் பிடித்தால் எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டுத் திரும்பினாராம்.

கடைசியில் சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, பம்பை மாட்டும்போது கொஞ்சம், என்று ஆரம்பித்தார். "இருபத்தெட்டு வருஷமா மீட்டர் பாக்கறேன், எனக்கு முள்ளு பாக்கச் சொல்லித் தரீங்களா?" என்று மீட்டர் எழுந்துவிட்டார். கடைக்காரர் மீதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டார். அந்த மீதி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து பம்பை மாட்டினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து. கடைக்காரன் பொய் சொல்கிறான் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் ஊசியம்மா ஷிப்டு முடிந்து வந்தபோது ஹாலில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். கீழ்மாடியில் தையல் கடை வைத்திருப்பவள். அத்தானைப் பார்க்காவிட்டால் பொழுது போகாதவள். மீட்டர் எழுந்து நின்று தீர்ப்பு வாசித்தார். சைக்கிள் ஓட்டத்துக்குத் தகுதியில்லை. ஷாக்கை நாளைக்குக் கழற்றித் திருப்பி அனுப்பப் போகிறார். அவள் அடுத்த வருஷம் ஓட்டிக்கொள்ளலாம்.

ஊசியம்மா கைப்பையை இறக்கவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, எப்படி ஒழுகுது, எனக்குக் காட்டுங்க, என்று கேட்டாள்.

மீட்டருக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில்தான் இருநூற்றுப் பத்து நிரப்பியிருந்தார். டியூப்பைத் திருகினார்: நூற்றுத் தொண்ணூற்றைந்து. "பாத்தியா?" கழற்றினார், புஸ். அவள் அசையாமல் நிற்கவே, நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்: நூற்று எண்பத்தொன்று. அவர் குரல் உயர்ந்தது. அஞ்சு நிமிஷத்துல பதினாலு போயிருக்கு, இப்ப வேகமா ஒழுகுது என்றார். கழற்றினார், புஸ். மாட்டினார்: நூற்று அறுபத்தெட்டு.

ஊசியம்மா அளவுமானியைப் பார்க்கவில்லை. அந்த டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் டியூப்பைப் பார்த்தவள்.

"மாட்டறதுக்கு முன்னாடி அந்த டியூப்புல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. காலி."

"இப்ப?"

"காத்து."

"யாரோட காத்து?"

மீட்டர் குனிந்து டியூப்பையும் ஷாக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அவள் கைப்பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். "எங்க வார்டுல ஒரு பெரியவர் இருந்தார். தெனம் மூணு வேளை அவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. நாளுக்கு நாள் ரத்தம் குறையுது. எங்க ஒழுகுதுன்னு வயித்த ஸ்கேன் பண்ணாங்க, குடல்ல கேமரா விட்டாங்க. ஒண்ணும் கெடைக்கல. அப்புறம் நான்தான் போய் டாக்டர்கிட்ட சொன்னேன், சார், அது என் ட்ரேல இருக்குன்னு."

தங்கை குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தாள். "அத்தான், ஒரு மாசமா அந்த ஷாக்குக்கு நீங்கதான் அட்டைப் பூச்சியா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். ஷாக்கின் உள்ளே இருக்கிற காற்று ஒரு கைப்பிடி அளவுதான். பம்பின் டியூப்பை நிரப்பவே அதில் ஒரு பங்கு போய்விடும் என்பது விளங்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் மீட்டருக்கு அது தன்மானப் பிரச்சினை. மனைவி சொன்னது தப்பு என்று நிரூபித்துக் காட்டுவதாகச் சூளுரைத்தார். எப்படி? சரிபார்த்துத்தான். டியூப்பை மெதுவாக மாட்டிப் பார்த்தார்: நூற்று ஐம்பத்தாறு. வேகமாக மாட்டிப் பார்த்தார்: நூற்று நாற்பத்தைந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தார்: நூற்று முப்பத்தைந்து. புஸ். ஆள் சோர்ந்து போர்வையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊசியம்மா உள்ளே போனாள். ஹெல்மெட், முழங்கால் காப்பு, ஓட்டத்துக்குப் போடும் ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிளை நிமிர்த்தி, ரப்பர் வளையத்தை மேலே தள்ளி வைத்துவிட்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, மெல்ல இறங்கினாள். தையல்காரி குனிந்து டேப்பை வைத்து அளந்தாள்.

வளையம் மிகச் சரியான இடத்தில் நின்றிருந்தது. எட்டு வாரமாக எந்த அளவை அவர் வைக்கவே இல்லையோ, அந்த அளவை, தான் சொல்வதே சரி என்று காட்டப் போய், தன் கையாலேயே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"போதும். இனிமே தொடாதீங்க" என்றாள் ஊசியம்மா.

பம்பைத் தங்கை கீழ்மாடிக்கு எடுத்துப்போய், துணிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அளவு டேப்போடு கழுத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளியும் சனியும் ஊசியம்மா வாசற்படியில் இருந்து தெருவுக்குச் சைக்கிளோடு இறங்கி இறங்கிப் பார்த்தாள். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சிவப்புத் திருகு உண்டு. மீட்டர் தன் எடைக்கு இறுக்கி வைத்திருந்ததால், இவளுக்கு அது திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி எழுந்தது. இரண்டு சொடுக்குத் தளர்த்தினாள். ஒரு தடவை உதைத்தது. ஒரு சொடுக்கு இறுக்கினாள். பிறகு இறங்கியபோது ஷாக் அமுங்கி, எழுந்து, அடங்கியது. அதற்கு ஒரு படியும் பத்து நிமிஷமும் ஆயின. சுவரில் வரைபடம் ஒட்டத் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை மலையுச்சியில் பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எக்ஸ்ரேத் தோழி முன்னால், ஊசியம்மா பின்னால். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மீட்டர் வந்தார். சட்டைக்குள்ளே ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தார். புத்தம் புதுப் பம்பு.

"ஒரே ஒரு தடவ. பாத்துட்டு விட்டுடறேன்."

அவர் ஒரு தடவை பார்த்தால் முள் எங்கே நிற்கும் என்று இப்போது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பத்துக் குறைந்தால் கடைவாயில் ஷாக் அடியில் இடிக்கும். இடித்தால் கால் தரைக்குப் போகும். தெரிந்தும் அவர் கை போனது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஷாக்கின் வாய்மூடியைச் சுற்றி, சின்னதாக ஒரு பஞ்சு வைத்து, அதன்மேல் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ரத்தம் எடுத்த இடம். கை வைக்கக் கூடாது" என்றாள் ஊசியம்மா.

நோயாளிகளிடம் சொல்லும் அதே குரல். அந்தக் குரலுக்கு ராணுவத்தில் இருந்து வந்தவர்களே கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீட்டர் பம்பைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஒதுங்கினார். விசில் ஊதியது.

தங்கை கடைவாய் ஓரமாகப் போய்ப் பாறையில் ஏறி நின்றிருந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். முதல் பாறையில் அக்கா ஏறினாள், ஷாக் வாங்கிக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் பின்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கி, சைக்கிள் ஒரு கணம் நின்றேவிட்டது. வலது கால் மிதியை விட்டு எழுந்தது. தரைக்கு ஒரு சாண் இருக்கும். அங்கேயே அந்தரத்தில் நின்றது அந்தக் கால். தங்கையின் கணக்கில் ஐந்து நிமிஷம். இரண்டு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் மெதுவாக எழுந்து சக்கரத்தைக் கல்லுக்கு மேலே தூக்கிக் கொடுத்தது. கால் மிதிக்குத் திரும்பியது. கடைவாய் அவளைக் கீழே துப்பியது, முழுசாக.

பதினோரு பேரில் ஏழாவதாக வந்தாள். முகமெல்லாம் புழுதி, புழுதிக்கு நடுவே பல். இரண்டு ஷூவின் அடிப்பாகத்தையும் தங்கைக்குத் தூக்கிக் காட்டினாள்.

திங்கட்கிழமையிலிருந்து மீட்டர் போகிற வீட்டிலெல்லாம், குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தான் செட் பண்ணிக் கொடுத்த ஷாக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நூற்று முப்பத்தைந்து, அதற்கு ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது, இதெல்லாம் அனுபவத்தில் வருவது என்கிறார். ஊசியம்மா மறுப்பதில்லை. அவள் சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், பேசி வீணாக்க நேரமில்லை.

பம்பை அவர் இப்போது தொடுவதில்லை. ஆனால் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறதா என்று தினமும் காலையில் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமையன்று அது ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியில் வாங்குகிற பிளாஸ்திரியில் பசை சரியில்லை, எழுதிப் போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.